குருவுக்குப் பிறகு சாவி யாரிடம்? ரமணர், அரவிந்தர், ஜே.கே.

1950 ஏப்ரல் 14இல் ரமணர் மறைந்தார்; எட்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 5இல், அரவிந்தர். திருவண்ணாமலைக்கும் புதுச்சேரிக்கும் பஸ்ஸில் மூன்று மணி நேரம்தான். ஆனால் அடியார் கூட்டம் அதற்குப் பிறகு போன வழிகள் வேறு வேறு. போதனையை விட்டுவிட்டு, சொத்தும் நிர்வாகமும் யாரிடம் போயின என்று பார்த்தால் காரணம் பிடிபடும்.

ரமணர் யாருக்கும் முறைப்படி தீட்சை தரவில்லை, ஆன்மிக வாரிசு என்று ஒருவரையும் நியமிக்கவில்லை. 1922இல் தாயார் அழகம்மாளின் சமாதியைச் சுற்றி எழுந்த ஆசிரமத்தைத் தம்பி நிரஞ்சனானந்தர் 'சர்வாதிகாரி' (முழு நிர்வாகப் பொறுப்பாளர்) என்ற பட்டத்தோடு நடத்தினார். அந்த அதிகாரம் தனக்கே உரியது என்று பழைய அடியார் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். அதன் பின் 1938இல் ரமணரின் உயில் பதிவானது: நிர்வாகம் தம்பிக்கு, பிறகு அவர் வம்சத்துக்கு. துறவியின் ஆசிரமத்தில் வாரிசுரிமையா என்று அன்றே முணுமுணுப்பு உண்டு. என் கணக்கில், மூன்று ஏற்பாடுகளில் உறுதியானது இதுதான். கணக்குப் புத்தகம் குடும்பத்திடம். குரு பீடம் யாரிடமும் இல்லை. தலைவராக வருபவர் சமையலறையையும் அறை ஒதுக்கீட்டையும் பார்த்துக்கொள்கிறார், உபதேசம் செய்வதில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பீடம் காலியாக இருப்பதால் யார் வேண்டுமானாலும் 'ரமண பரம்பரை' என்று சொல்லிக்கொள்ளலாம், மறுக்க ஆளில்லை. ரமணரின் அடியாரான லக்னோவின் பூஞ்ஜாஜி வழியாக மேற்கே கிளம்பிய சத்சங்க ஆசிரியர்கள் பலர் இந்தப் பெயரில்தான் பேசினார்கள். குளிர்காலத்தில் திருவண்ணாமலைக்குப் போனால் சுவரொட்டிகளைப் பார்க்கலாம்.

அரவிந்தர் கதை நேர் எதிர். 1926 நவம்பர் 24க்குப் பிறகு அவர் அறைக்குள் ஒதுங்கி, ஆசிரமத்தைத் தன் ஆன்மிகத் துணையான அன்னையிடம் (மீரா அல்ஃபாசா) ஒப்படைத்தார். தரிசனம் ஆண்டுக்கு மூன்று நாள், பின்னர் நான்கு; வரிசையில் போனால் சில நொடி. யார் எந்த வேலை செய்வது என்பது வரை அன்னை கையில். 1955இல் அவர் அறக்கட்டளை ஏற்படுத்தியிருந்ததால் 1973 நவம்பர் 17இல் அவர் மறைந்தபோது ஆசிரமம் ஆட்டம் காணவில்லை. ஆட்டம் கண்டது, புதுச்சேரி அருகே 1968இல் அன்னை தொடங்கிய சர்வதேசக் குடியிருப்பான ஆரோவில். நிலமும் பணமும் ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டியின் பெயரில். அங்கே வாழ்பவர்கள் வேறு ஆட்கள். சண்டை முற்றி 1980இல் மத்திய அரசு சட்டம் போட்டு நிர்வாகத்தை எடுத்தது. மதச் சுதந்திரத்தில் தலையீடு என்று சொசைட்டி தரப்பு வழக்காடியது. 1982இல் உச்ச நீதிமன்றம், அரவிந்தர் போதனை மதமல்ல, தத்துவம் என்றது. 'இது மதமல்ல' என்பது அன்னையே சொல்லிவந்தது. கடைசியில் அந்தச் சொல்லே மதப் பிரிவுகளுக்கான பாதுகாப்பு கிடைக்காமல் செய்துவிட்டது. 1988 முதல் தனிச் சட்டத்தின் கீழ் ஆரோவில் பவுண்டேஷன். 2021 டிசம்பரில் வட்டச்சாலைக்காக மரங்களை வெட்டியபோது வெடித்த தகராறும் அதே பழைய கேள்விதான்: முடிவெடுப்பது யார்?

சமாதிகளே வித்தியாசத்தைச் சொல்லும். ரமணர் சமாதிமேல் லிங்கம். அபிஷேகம், வேத பாராயணம், தீபாராதனை எல்லாம் உண்டு. புதுச்சேரியில் மரத்தடியில் சலவைக்கல், கீழ் அறையில் அரவிந்தர், மேல் அறையில் அன்னை. பூ அலங்காரம், ஊதுவத்தி, மௌனம், அவ்வளவே. அர்ச்சகரைத் தேடிப் போகிறவருக்கு ஏமாற்றம்தான். ஆரோவில்லின் நடுவே உள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திரின் உள் அறைக்கு முன்பதிவு வேண்டும். போன அன்றே நுழையலாம் என்று நம்பிப் போகிறவர்கள் வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

ஜே. கிருஷ்ணமூர்த்தி 1929 ஆகஸ்ட் 3இல் தன்னை உலக குருவாக ஏற்ற அமைப்பையே கலைத்தவர். ஆனாலும் சொத்துத் தகராறு அவரையும் விடவில்லை: தன் நூல்களின் உரிமையும் நன்கொடைகளும் இருந்த நிறுவனத்தைப் பழைய நண்பர் விட்டுக்கொடுக்காததால் 1968இல் முறித்துக்கொண்டு புதிய அறக்கட்டளைகளைத் தொடங்க நேர்ந்தது. 1986இல் மறைந்தார், சமாதி கிடையாது. எஞ்சியவை பள்ளிகள், புத்தகங்கள், பதிவுகள். தன் போதனைக்கு விளக்கம் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை என்பதில் அவர் கண்டிப்பு. அதனால் அவர் அறக்கட்டளையின் மையமான சென்னை வசந்த விஹாரில் வீடியோ முடிந்தபின் கேள்வி எழுந்தால் கூடி விவாதிக்கலாம்; இதுதான் பதில் என்று சொல்ல யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள்.