வாகை போனது, வேம்பு நின்றது

இந்த முறை கிடைத்த விடுமுறை 18 நாள். அதில் முழுதாக 6 நாள் மரத்துக்கே போய்விட்டது. யார் வீட்டுக்கும் சரியாகப் போகவில்லை, போன வீட்டிலும் மரக்கதையே பேசினேன் என்று தங்கை இன்னும் கிண்டல் செய்கிறாள். நீங்கள் வெளியூரில் இருந்து, ஊர் வீட்டில் பெரிய மரமும் வயதான பெற்றோரும் இருந்தால், உங்களுக்கும் ஒருநாள் இந்த வேலை வரும். அதனால் எழுதிவைக்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு மரம். முன்பக்கம் வாகை, கம்பம் நட்டதுபோல நேராக நிற்கும். பின்பக்கம் வேம்பு, கூரைப் பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளாய் அது அப்படித்தான். போனில் பேசும்போதெல்லாம் அம்மா சொல்வது ஒன்றுதான்: "காத்தடிச்சா தூக்கமே வரலைம்மா, அந்த வேம்பை எடுத்துடு." நானும் வேம்பை எடுக்கத்தான் போனேன். வாகையைப் பற்றி யோசனையே இல்லை. பச்சைப்பசேல் என்று நிழல் தந்துகொண்டு நிற்கும் மரத்தைப் பற்றி யாருக்கு யோசனை வரும்?

முதலில் வந்தவர்கள் தெரிந்தவர் ஒருவர் சொல்லி வந்தவர்கள். மூன்று பேர், ஒரு செயின்சா, ஒரு கோடாரி, நைந்த கயிறு ஒரு சுருள். மூத்தவர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். இரண்டு நிமிடம்கூட இருக்காது. "பாதி உயரத்துல மொட்டை அடிச்சு விட்டுடலாம். இல்ல, அடியோட எடுத்துடலாம். எது வேணும்?" துணிக்கடையில் எத்தனை மீட்டர் கிழிக்க என்று கேட்பதுபோல இருந்தது.

மொட்டை அடிப்பது பார்க்கப் பாதுகாப்பாகத்தான் தெரியும். உயரம் குறைகிறதே! ஆனால் இலையெல்லாம் போன மரம் பசியில் வெறிபிடித்ததுபோலத் தளிர்விடும். வெட்டுக்குக் கீழே, பட்டையின் அடியில் உறங்கிக்கிடந்த மொட்டுகளிலிருந்து கொத்துக்கொத்தாகக் கிளம்பும் அந்தத் தளிர்களுக்கு உள்ளே பிடிமானம் கிடையாது. சாதாரணக் கிளை வருடாவருடம் தண்டோடு சேர்ந்து பின்னிக்கொண்டு வளரும். இவை மேலே ஒட்டவைத்த மாதிரி. சில வருடத்தில் பழைய உயரத்துக்கே வந்து நிற்கும், வெட்டிய மொண்ணை முனை அதற்குள் உளுத்திருக்கும். அப்புறம் சின்னக் காற்றுக்கே கிளை முறியும்.

இதெல்லாம் தெரிந்தும் நான் ஒரு தப்புச் செய்தேன். "சரி, கூரையை உரசும் அந்த ஒரு கிளையை மட்டும் முதலில் எடுங்கள், பார்க்கலாம்" என்றேன். ஒரு பையன் வெறுங்காலோடு ஏறினான். இடுப்பில் கயிறு இல்லை, தலையில் ஒன்றும் இல்லை. தொடை கனம் இருக்கும் கிளை. மேலிருந்து ஒரே வெட்டு. முக்கால்வாசி அறுபடும்போதே கிளை தன் கனத்தில் தொங்கி, சடாரென்று ஒடிந்தது. ஒடிந்த கிளை அடியில் ஒட்டிக்கொண்டிருந்த பட்டையையும் உரித்துக்கொண்டே போனது. அடிமரத்தில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று காயம். கிளை சன்ஷேடில் மோதி மூலை உடைந்தது. "பச்சை மரம்னா உரியத்தானே செய்யும்" என்றார் மூத்தவர்.

உரிய வேண்டியதில்லை. முதலில் கிளையின் அடிப்பக்கம், தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, கால்வாசி ஆழத்துக்கு ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை ஒடிந்தாலும் உரிசல் அடிவெட்டோடு நின்றுவிடும். மிச்சமிருக்கும் கட்டையைக் கடைசியாகத் தண்டுப் பக்கம் எடுக்க வேண்டும். மூன்று வெட்டு, கூடுதலாக ஐந்து நிமிடம், அவ்வளவுதான். அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன் என்று அம்மா ராத்திரி வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். மரமேறும் குடும்பம், தோட்டக்கலை படித்திருக்கிறார். சொன்ன நாளில் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, அந்தக் கோபம் எனக்கு இருந்தது. ஆனால் வந்ததும் அவர் செய்த காரியம் என்னை வாயடைக்க வைத்தது. மேலே பார்க்கவே இல்லை. வேம்பின் தூரைச் சுற்றி உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தார். சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து மண்ணைச் சுரண்டிப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா சாஞ்சிருக்குக்கா?"

"நான் குழந்தையிலிருந்து பார்க்கிறேன், தம்பி."

"அப்ப பயமில்ல. நுனியைப் பாருங்க, மேல நிமிர்ந்து வளைஞ்சிருக்கு. சாஞ்ச பிறகு தன்னைத்தானே தூக்கி நிறுத்திக்கிட்ட மரம் இது. புதுசா சாஞ்சிருந்தா இந்தப் பக்கம் மண்ணு வெடிச்சிருக்கும், வேர் தூக்கியிருக்கும்."

மண்ணில் விரிசல் எதுவும் இல்லை. சாய்ந்த மரம் சும்மா இருக்காது என்று விளக்கினார். வேம்பு மாதிரி அகல இலை மரங்கள் சாய்வுக்கு மேல்பக்கம் இழுவிசைக் கட்டையை வளர்த்து, கயிறு கட்டி இழுப்பதுபோலத் தண்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பைன் மாதிரி ஊசியிலை மரங்கள் நேர் எதிர், கீழ்ப்பக்கம் முட்டுக்கொடுக்கும். எங்கள் வேம்பின் தண்டு வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் தடித்திருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

"வேம்புல கூரைப் பக்கம் மூணு கிளை எடுத்தாப் போதும். கால்வாசிக்கு மேல பச்சை எடுக்கக் கூடாது. சரி, முன்னாடி இருக்கறதைப் பாக்கலாமா?"

"அதுக்கு ஒண்ணும் இல்லையே."

"வந்ததுக்கு ஒரு பார்வை" என்று வாசலுக்கு நடந்தார்.

வாகையின் அடியில் அம்மா பூந்தொட்டிகள் வைத்திருந்தார். அந்தத் தம்பி ஒரு தொட்டியை நகர்த்தினார். பின்னால், மரத்தின் தூரில், உள்ளங்கை அகலத்தில் பலகைபோல ஒரு காளான். மேல்புறம் அரக்குப் பூசியதுபோல மினுமினுத்தது, ஓரம் மட்டும் வெள்ளை. கீழே தரையில் காப்பிப்பொடி நிறத்தில் தூள். அவர் எதுவும் பேசவில்லை. பையிலிருந்து ஒரு மரச்சுத்தியலை எடுத்து மரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக். வீட்டுப் பக்கம் வந்ததும் தொப் என்றது. இன்னொரு முறை தட்டினார். தொப். அங்கே மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை வைத்து அழுத்தினார். வெண்ணெயில் போவதுபோல ஒரு சாண் உள்ளே போனது.

"பச்சையா இருக்கே, தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"தண்ணி ஏறறது வெளிப்பக்கத்துக் கட்டையிலம்மா. உள்ள இருக்கற நடுக்கட்டை, வைரம்னு சொல்வோமே, அது உயிரில்லாதது. அது பூரா உளுத்தாலும் மேல இலைக்குத் தெரியாது."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "இந்தத் தரை எப்பக்கா போட்டது?"

8 வருடத்துக்கு முன்னால். போட்டது நான்தான். கார் நிறுத்த வசதியாக இருக்கட்டும் என்று பணம் அனுப்பி, வாசல் முழுக்க சிமெண்ட் போட வைத்தேன். அதோடு வீட்டை ஒட்டிக் கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளமும் தோண்டினார்கள். ஆளாளுக்கு வேரை வெட்டி எறிந்ததை அம்மா அப்போதே போனில் சொன்னார், "பெரிய மரம்தானே, தாங்கும்" என்று பதில் சொன்னதும் நான்தான்.

அவர் கேட்டுக்கொண்டு, தூரை ஒட்டிய சிமெண்டைக் கொஞ்சம் உடைத்துக் காட்டினார். மரம் மண்ணுக்குள் போகும் இடத்தில் யானைக்கால்போல விரிந்து வேரோடு சேர வேண்டும். எங்கள் வாகை கம்பம் நட்டதுபோல நேராக இறங்கியது. நான் அழகு என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த நேர்த்தியே நோயின் அடையாளம்: மண்ணும் ஜல்லியும் கொட்டி அதன் காலை மூடியிருக்கிறோம். மரத்தின் வேர் ஆழமாகப் போகும் என்று எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலான வேர் மேலே 2 அடி மண்ணுக்குள்தான் இருக்கிறது, நீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அதற்கும் மேலே. அவை மூச்சு விட வேண்டும். மூடினால் உடனே தெரியாது, வருடக்கணக்கில் மெல்லச் சாகும். வெட்டிய வேர் வழியாகக் காளான் ஏறும்.

"எத்தனை வருஷம் தாங்கும்?" என்றேன்.

"இந்த வருஷக் காத்துக்கே நான் உத்தரவாதம் தர மாட்டேன்க்கா. வீட்டுப் பக்கம்தான் பொக்கை."

இரண்டு மரத்துக்கும் எழுத்தில் எழுதித் தரச் சொன்னேன். எந்தக் கிளை, அடிக்கட்டை சேர்த்தியா, விறகு யாருக்கு, குப்பை யார் அள்ளுவது, தரை உடைந்தால் யார் பொறுப்பு, ஆளுக்கு அடிபட்டால் காப்பீடு உண்டா. கடைசிக் கேள்விக்கு அவர் முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் காப்பீட்டுத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். பதிலுக்கு அவர் கேட்டது: மரம் எடுக்க அனுமதி வாங்கியாச்சா? சொந்த மனையில் நிற்கும் மரத்துக்கும் பல ஊர்களில் அனுமதி வேண்டும். அதற்கு ஒரு நாள் அலைந்தேன். வாகையின் கிளைக்குள் வீட்டுக்கு வரும் மின்கம்பி போனதால், வேலை முடியும்வரை இணைப்பைத் துண்டிக்கவும் எழுதிக் கொடுத்தோம். கம்பியைத் தொடாமல் வெட்டிவிடுவோம் என்று முதல் கூட்டத்தார் சொல்லியிருந்தார்கள். பச்சைக் கிளையில் மின்சாரம் பாயும், கிளை விழும்போது யார் சொன்னபடியும் விழாது.

வாகையை எடுத்த நாள். நெருக்கமான வாசலில் மரத்தை அப்படியே சாய்க்க இடமில்லை, மேலிருந்து துண்டு துண்டாகத்தான் இறக்க முடியும். மெல்லிய கயிற்றின் நுனியில் சின்ன எடைப் பையைக் கட்டிக் கவைக்குள் வீசி, அதைப் பிடித்துப் பெரிய கயிற்றை ஏற்றினார்கள். ஒவ்வொரு கிளையும் கட்டப்பட்ட பிறகே அறுபட்டது. கீழே ஒருவர் கயிற்றை அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, உராய்வில் மெல்ல விட்டுக்கொண்டே வந்தார். பச்சை மரம் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட ஒரு டன் வரும், கையால் பிடிக்கிற சமாசாரம் இல்லை. பொக்கையான மரத்தில் ஆள் ஏறலாமா என்று எனக்கு வயிறு கலங்கியது. அதனால்தான் கனமான துண்டு எதையும் அந்தரத்தில் விழவிட்டு உதறவில்லை என்றார். மரம் இன்னும் மோசமாக இருந்திருந்தால் ஏறாமல் கிரேன்தானாம்.

ஏறியவர் பூட்ஸில் ஆணி மாட்டியிருந்தார். மறுநாள் வேம்பில் ஏறும்போது அதைக் கழற்றிவிட்டார். ஆணி குத்தும் ஒவ்வோர் இடமும் காயம், போகிற மரத்துக்குப் பரவாயில்லை, இருக்கப்போகிற மரத்துக்கு ஆகாது. யாரை வேலைக்கு வைக்கலாம் என்று என்னைக் கேட்டால் இந்த ஒன்றைப் பாருங்கள் என்பேன். குறை இல்லாமல் இல்லை: கீழே இருந்த உதவியாளர் செருப்போடு நின்றார், நான் சொன்ன பிறகுதான் ஷூ வந்தது. கேட்டருகே ஓர் ஓடு உடைந்தது, மாற்றித்தர மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது.

மாலையில் அடிக்கட்டை மட்டும் நின்றது. டேப் வைத்து அளந்தேன். குறுக்களவு 62 செ.மீ. தெருப் பக்கம் அடர் பழுப்பு வைரம் கல்போல இருந்தது. வீட்டுப் பக்கம் நல்ல கட்டை வெறும் 4 செ.மீ. நடுவில் கை விட்டால் ஈரப் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பிய்ந்து வந்தது. ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது நல்ல கட்டை இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, ஜெர்மானிய ஆய்வாளர் கிளாஸ் மாத்தெக் சொன்னது. அதை எல்லா மரத்துக்கும் பொருத்தலாமா என்று துறைக்குள்ளேயே சண்டை இருக்கிறது. எங்களுடையதில் சண்டைக்கே இடமில்லை. அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பூந்தொட்டிகளை எடுத்துப் பின்பக்கம் வைத்தார்.

அடிக்கட்டையை உட்கார வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டுப் பார்த்தேன். காளானுக்குச் சாப்பாடு வைத்த மாதிரி ஆகும், அதே இடத்தில் நடும் கன்றுக்கும் தொற்றும் என்றார். வேரோடு தோண்டி எடுத்தார்கள்.

வேம்பின் மூன்று கிளைகளையும் அவரே ஏறி எடுத்தார். கிளை தண்டோடு சேரும் இடத்தில் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அதற்குச் சற்று வெளியே கடைசி வெட்டு. தண்டோடு வழித்து வெட்டவும் இல்லை, மொண்ணையாகக் கட்டை விடவும் இல்லை. "பெயின்ட் அடிக்க வேண்டாமா?" என்றேன். வேண்டாம் என்றார். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின்சாவால் நெடுக்காகப் பிளந்து பார்த்து, 1977-ல் இதை ஒரு கோட்பாடாகவே சொன்னார்: மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை. கெட்ட பகுதியை உள்ளே சுவர் எழுப்பி ஒதுக்கிவிட்டு, வெளியே புதுக்கட்டை வளர்த்து மூடிக்கொள்கிறது. அந்தச் சுவர் எழும்புவது கிளைக் கழுத்தில்தான். பூச்சு அதற்கு உதவுவதில்லை, சில நேரம் உள்ளே ஈரத்தைத் தேக்கிவைக்கும். முதல் ஆள் உரித்த இடத்தில் தொங்கிய பட்டையை மட்டும் கத்தியால் சீவிவிட்டார். "இதுக்கு நாளாகும்" என்றார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கொத்தனாரைக் கூப்பிட்டு வாசல் சிமெண்டில் பாதியை உடைக்கச் சொன்னேன். கார் எங்கே நிற்கும் என்று அம்மா கேட்டார். தெருவில் நிற்கட்டும் என்றேன்.

ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் அம்மா வாட்ஸப்பில் நான்கு படம் அனுப்பியிருந்தார். மூன்றில், வெட்டுவாயைச் சுற்றி வளையல் போட்டதுபோல வழுவழுப்பாக ஒரு வட்டம் ஏறியிருக்கிறது. நான்காவது, பட்டை உரிந்த இடம். கீழே குரல்பதிவில் அம்மா: "இது மட்டும் இன்னும் கறுப்பாவே இருக்கும்மா. அந்தத் தம்பியை ஒருக்கா வரச் சொல்லட்டா?"