பெரிய வியாழன் பாதம் கழுவும் செட்: பித்தளையா, எவர்சில்வரா?

இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைத்துப் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவும் பெரிய வியாழன் ஆராதனைக்குப் பாத்திரம் வாங்க வேலூர் லாங்கு பஜாருக்குப் போகும் சபைக் கமிட்டியின் கை முதலில் நீளுவது பித்தளை செட்டுக்குத்தான். பேசின், கெண்டி, பன்னிரண்டு துண்டு. பலிபீடத்துக்கு முன்னால் வைத்தால் மினுமினுவென்று இருக்கும். குறையெல்லாம் கால் நீட்டி உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

பேசினின் வாய் 14 அங்குலம். பெரிய ஆளின் பாதமே பத்து அங்குலம் வருவதால் குதிகால் விளிம்பில் இடிக்கும். அடிப்பாகம் உருண்டை, கிரானைட் தரையில் ஆடும், ஆடும்போது எழும் 'டங்'கை மைக் பிடித்துக்கொள்ளும். கெண்டியின் மூக்கு ஒல்லி. ஒரு ஆளுக்குத் தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் பாடகர் குழு கீர்த்தனையை முடித்துவிடும். மூக்கை ஒட்டவைத்த இடத்தில் களிம்பு ஏறும். முந்தின நாளே புளி போட்டுத் தேய்க்காவிட்டால் வாடையும் வரும்.

எவர்சில்வரில் 16 அங்குல வாய், 5 அங்குல ஆழம், தட்டையான அடி, மடித்த விளிம்பு உள்ளதாக எடுங்கள். அதைவிட ஆழம் கூடினால் வயதானவர்கள் முட்டியை மேலே தூக்க வேண்டிவரும். கூடவே இரண்டு லிட்டர் ஜக், அழுக்குத் தண்ணீர் கொட்ட மூடிபோட்ட பக்கெட், காலடிக்கு ஒரு மிதியடி. செருப்பை வெளியே விட்டு வரும் நம் கோயில்களில் ஈரக்காலோடு எழுந்து நடப்பவர் வழுக்கி விழுவதுதான் பெரிய பயம். பிளாஸ்டிக் நாற்காலியும் வேண்டாம், பின்னால் நகரும்.

ஆளுக்கு 600 மில்லி போதும். பன்னிரண்டு பேருக்கு 7.2 லிட்டர் ஆகும். பத்து லிட்டராக வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசி, ஏப்ரல் வெயிலில் வேலூர் மாடித் தொட்டித் தண்ணீர் சாயங்காலம்கூடச் சுடும். காலையிலேயே பிடித்துக் குடத்தில் நிழலில் வையுங்கள். சர்க்கரை நோயாலோ தொழுநோயாலோ உணர்ச்சி போன காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனை உள்ள வட்டாரம் இது. இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஆராதனை அவசரத்தில் மறந்துபோகும். ஊற்றுகிறவர் முழங்கையை நனைத்துப் பார்த்துவிட்டு ஊற்றட்டும். டெட்டால் கலக்காதீர்கள். புண் இருக்கும் காலை விட்டுவிட்டு மற்றதைக் கழுவினால் போதும்.

செட்டோடு வரும் தேங்காய்ப்பூத் துண்டு புதுசில் தண்ணீரை உறிஞ்சாது. இரண்டு தடவை துவைத்து, நீலம் கஞ்சி எதுவும் போடாமல் காயவைக்க வேண்டும். ஈரிழைத் துண்டானால் இன்னும் நல்லது, விரலிடுக்கு வரை போகும். விரலிடுக்கில் ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். ஆளுக்கொரு துண்டு என்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பாத்திரத்தைவிடப் பெரிய தொல்லை, காலை நீட்டத் தெரியாதது. ஊழியம் செய்யச் சொல்லித்தர இந்த ஊருக்கு ஆள் தேவையில்லை. 'ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்' என்பது இங்குள்ள சிஎம்சி மருத்துவமனையின் குறிக்கோள் வாசகம். வாங்கிக்கொள்வதில்தான் தடுமாறுகிறோம். 'நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது' என்று இயேசுவிடம் சொன்ன பேதுரு வருஷா வருஷம் நாற்காலியில் உட்காருகிறார். "ஐயரே, வேணாங்க" என்று காலை இழுத்தால் தண்ணீர் கழுவுகிற போதகரின் அங்கியில் கொட்டும். வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, சென்ட் பூசி வருவதும் அதே பேதுருதான், கொஞ்சம் நாகரிகமாக!

பன்னிரண்டு பேரையும் முந்தின வாரமே உட்காரவைத்துப் பழக்குங்கள். முதுகு நாற்காலியில் சாய வேண்டும். புடவையை நாலு விரல் உயர்த்தி, மடியில் ஒரு துண்டு. பாதத்தின் பாரத்தை ஐயரின் இடது கையில் விட்டுவிட வேண்டும். பெரும்பாலானோர் மரியாதை என்று தொடையை இறுக்கிக் காலைத் தாங்களே தூக்கிப் பிடிப்பார்கள். அரை நிமிஷத்தில் கால் நடுங்கும், தண்ணீர் அவர் முழங்கை வழியாக வழியும். குதிகால் உள்ளங்கையில் கனத்து இறங்கினால் சரி. கழுவி முடித்ததும் குனிந்து கும்பிட வேண்டாம், தலையும் தலையும் மோதும். நன்றியும் சொல்ல வேண்டாம்.

'ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள்' என்பது யோவான் 13:14. அப்படியானால் கடைசியில் ஐயரும் அதே நாற்காலியில் உட்கார வேண்டும், சபையில் ஒருவர் மண்டியிட வேண்டும். செட்டில் வருவது பன்னிரண்டு துண்டுதான். எவர்சில்வர் செட்டுக்கு ஐந்துக்கு நாலு மார்க், பித்தளைக்கு இரண்டு. எதை எடுத்தாலும் பதிமூன்றாவது துண்டைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.