சிந்தாத கப்பும் சிந்துகிற டம்ளரும்: ராத்திரிப் பால் பாட்டிலை மறக்கடிக்க வாங்கிய நாலு சாமான்

அட்டைப்பெட்டியில் 'தலைகீழாகக் கவிழ்த்தாலும் சிந்தாது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், ராத்திரிப் பாலுக்கு அந்தக் கப்பை வாங்காதீர்கள். நாலு வகை வாங்கிப் பார்த்த பிறகு எனக்கு நிச்சயமாகத் தெரிவது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவரவர் வீடு, அவரவர் பிள்ளை.

மதுரைப் பக்கம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பேரனுக்கு இரண்டேகால் வயது. மகளும் மருமகனும் ஓசூரில் வேலைக்குப் போகிறார்கள். மகளுக்கு ஷிஃப்ட் மாறியதால் பையன் இப்போது என்னிடம் இருக்கிறான். அவனோடு 250 மில்லி பாட்டில் ஒன்றும் வந்து இறங்கியது. படுத்ததும் அதை வாயில் வைத்தால்தான் கண் சொருகும். நடு ராத்திரியில் புரண்டு படுத்து "பாத்தி" என்பான் (பாட்டிலைத்தான் சொல்கிறான்), இன்னொரு தடவை கலக்க வேண்டும். "சீனி போடுறதே இல்லம்மா, வெறும் பசும்பால்தான்" என்றாள் மகள். பாலுக்குள்ளேயே ஒரு சர்க்கரை இருக்கிறது. பகலில் குடித்தால் எச்சில் கழுவிக்கொண்டு போய்விடும். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துபோவதால், வாயில் தேங்கும் பாலைக் கிருமி அமிலமாக்கிக்கொண்டே இருக்கும்.

பல் டாக்டரம்மா பையனின் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பல் நாலிலும் ஈறை ஒட்டி, சுண்ணாம்பால் கோடு இழுத்த மாதிரி வெள்ளை. கீழ்வரிசை பளிச்சென்று இருந்தது. பாட்டில் சப்பும்போது நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்கொள்ளும், எச்சிலும் அங்கேதான் அதிகம் ஊறும். அடி வாங்குவது மேல்பல்தான். வெள்ளையாக இருக்கும்வரை ஃப்ளோரைடு பூசி, பழக்கத்தையும் மாற்றினால் சொத்தையை நிறுத்திவிடலாம் என்றார். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் பிறகு அடைப்பதும் பிடுங்குவதும்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இன்றைக்கே உதட்டைத் தூக்கிப் பாருங்கள், வெளிச்சத்தில் நிற்க வைத்து.

கடைக்குப் போனதும் எனக்கு எரிச்சல் வந்தது. பால் பாட்டிலுக்கு விளம்பரம் கூடாது என்று 1992லேயே சட்டம் போட்டு, 2003ல் இன்னும் இறுக்கினார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரக் கூட்டம் நடக்கும்போதெல்லாம் தாய்மாருக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை தேய்ந்தது. பாட்டில் வேண்டாம், கிண்ணமும் கரண்டியும் போதும் என்போம். இப்போது பார்த்தால் பாட்டில் ஒரு மூலையில் அடக்கமாக நிற்கிறது, அதன் தம்பி தங்கைகள் 'சிப்பர்' என்று பேர் வைத்துக்கொண்டு யானை, ஒட்டகச்சிவிங்கிப் படத்தோடு முன்வரிசையில் நிற்கிறார்கள். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. எல்லாக் கம்பெனியும் கீழே சொல்லும் மூன்று ரகத்தைத்தான் செய்கிறது, ரகத்தைப் பார்த்தால் போதும்.

முதலில் மூக்கு வைத்த சிப்பர். கெட்டி பிளாஸ்டிக் மூக்கு, அடியில் வால்வு. உறிஞ்சினால்தான் பால் வரும். அதாவது ரப்பருக்குப் பதில் பிளாஸ்டிக், வேறொன்றுமில்லை. பையன் வாங்கிப் பார்த்தான், மல்லாந்தான், சப்ப ஆரம்பித்தான். மூக்கைக் கடித்தும் வைத்தான். அந்த வால்வைக் கழற்றிவிட்டால் சாய்த்தவுடன் பால் வரும், அப்போது அது உருப்படியான கப் ஆகிவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய வால்வைக் கழற்றிப் போடத்தான் வேண்டும் என்றால் எதற்கு வாங்குவது? அஞ்சுக்கு ஒரு மார்க்.

அடுத்தது ஸ்ட்ரா கப். உறிஞ்சுகுழல் உதட்டுக்கும் நாக்குக்கும் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நான் வாங்கியதில் குழலின் அடியில் ஒரு குண்டு கட்டியிருக்கிறது. கப்பை எப்படிச் சாய்த்தாலும் குண்டு பால் இருக்கும் பக்கம் உருண்டு போகும். 'எந்தக் கோணத்திலும் குடிக்கலாம்' என்று அதைப் பெருமையாக வேறு போட்டிருக்கிறார்கள். எந்தக் கோணத்திலும் என்றால் படுத்துக்கொண்டும் குடிக்கலாம் என்றுதானே அர்த்தம்? பையனுக்கு அது உடனே புரிந்துவிட்டது. கழுவுவதோ பெரிய பாடு. குழலுக்கென்று ஒரு மெல்லிய பிரஷ் தருகிறார்கள். அந்தக் குண்டுக்குள் இருக்கும் சின்ன ஓட்டைக்கு அது நுழைவதில்லை. வெந்நீரில் போட்டு அலசி வைத்த மறுநாள் மூடியைத் திறந்தால் மோர் வாசம் அடிக்கிறது. பாலுக்கு வேண்டாம். பகலில் தண்ணீருக்கு, பஸ் பயணத்துக்கு, அஞ்சுக்கு மூன்றரை தாராளமாகக் கொடுக்கலாம். குண்டு இல்லாத சாதாரணக் குழல் கிடைத்தால் நாலு.

மூன்றாவது 360 கப். மகள் ஆன்லைனில் பார்த்து ஆர்டர் போட்டு அனுப்பியது, இந்த நாலில் விலை கூடியது. மூக்கும் இல்லை, குழலும் இல்லை. மேலே வட்டமாக ஒரு சிலிகோன் தட்டு. விளிம்பில் எந்த இடத்தில் உதட்டை வைத்து இழுத்தாலும் பால் வரும், விட்டால் தட்டு மூடிக்கொள்ளும். பார்க்க டம்ளர் மாதிரி இருப்பதால் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பையன் இரண்டு கையாலும் பிடித்து, உட்கார்ந்து, ஒழுங்காகக் குடித்தான். ஒரு துளி கீழே விழவில்லை. அடுத்த காரியம், அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கட்டிலில் ஏறினான். தலையணை பக்கத்தில் வைத்துக்கொண்டு, தூக்கத்தில் தேடித் தேடி ஒவ்வொரு வாய் இழுத்தான். அதுதான் சிந்தாதே!

"அம்மா, அந்தக் கப்புலயே பழக்குங்களேன். ராத்திரி அழ விட்டா எனக்கு இங்க தூக்கம் வராது" என்றாள் மகள் போனில்.

"அடியே, ரப்பரை எடுத்துட்டுத் தட்டு வச்சிருக்கான், அவ்வளவுதான். பால் விடிய விடிய வாயில கிடக்கே, அதுக்கு என்ன பண்ணப் போற?"

அவள் பதில் சொல்லவில்லை. சிலிகோன் தட்டைக் கழற்றிப் பார்த்தால் அடிப்பக்கம் வெள்ளைப் பிசுக்கு, நகத்தால் சுரண்டினால்தான் போகிறது. நேர்மையாகச் சொன்னால் இது நல்ல கப்தான். காரில் போகிறவர்களுக்கு, பகலில் வீடு முழுக்கக் கொட்டிவிடும் பிள்ளைக்குச் சரி. படுக்கையறைக்கு அஞ்சுக்கு ஒன்றரை.

இதற்கு நடுவில் எதிர்வீட்டு அக்கா பாட்டில் ரப்பரில் வேப்பெண்ணெய் தடவச் சொன்னார். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளை வாயில் கசப்பை வைத்து ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. சங்கில் புகட்டலாமே என்றார் இன்னொருவர். சங்கு கைக்குழந்தைக்கு. இவனுக்கு அதைக் கொடுத்தால் ஊதித்தான் பார்ப்பான்.

கடைசியில் கீழவாசல் பக்கம் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன். பையனும் கூட வந்தான்.

"தம்பி, பிள்ளை குடிக்கிற மாதிரி சின்ன டம்ளர் இருக்கா?"

"காப்பி டம்ளராம்மா, இல்ல கோயில்ல தீர்த்தம் குடுக்கிற சைஸா?"

இரண்டுக்கும் நடுவில் ஒன்று கிடைத்தது. எவர்சில்வர், 100 மில்லி பிடிக்கும், ஆழாக்குக்கும் குறைவு. விலை 65 ரூபாய். இதில் பார்த்து வாங்க வேண்டியது மூன்று விஷயம். விளிம்பு வெளிப்பக்கம் மடித்து உருட்டியிருக்க வேண்டும். மலிவு டம்ளரில் தகட்டை வெட்டிய மாதிரியே விட்டிருப்பார்கள், பிள்ளையின் உதட்டைக் கீறும். கடையிலேயே சுண்டுவிரலை உள்ளும் வெளியும் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அடி கனமாக இருக்க வேண்டும், லேசாகத் தட்டினால் உருளக்கூடாது. வாய் அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு இடித்து, பிள்ளை தலையை அண்ணாந்துதான் குடிப்பான், புரை ஏறும்.

"பேர் வெட்டணுமா?" என்றார் கடைக்காரர். வெட்டச் சொன்னேன். அந்த மிஷின் கர்ர்ரென்று ஓடியபோது பையன் என் முந்தானைக்குள் போய் ஒளிந்தான். பிறகு ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டினான். பேர் வெட்டி முடித்துத் துடைத்துக் கையில் கொடுத்ததும் புள்ளி புள்ளியாக இருந்த எழுத்தின் மேல் விரலை வைத்து "எந்தூ" என்றான். அதற்குக் கடைக்காரர் காசு வாங்கவில்லை. வீட்டில் வேறு யார் அதில் தண்ணீர் மொண்டாலும் இப்போது சண்டைக்கு வருகிறான். யானைப் படம் போட்ட எந்தச் சிப்பரும் இந்த வேலையைச் செய்யவில்லை.

இந்த டம்ளரின் பெரிய குணம், அது சிந்தும். படுத்துக்கொண்டு குடித்தால் காதுக்குள் போகும், சட்டை நனையும். ஆகவே உட்கார்ந்துதான் குடித்தாக வேண்டும், குடித்து முடித்ததும் டம்ளர் அடுப்படிக்குத் திரும்பிவிடும். கட்டிலுக்கு வர அதற்கு வழியே இல்லை. நான் இரண்டு விரல்கடை உயரத்துக்கு மட்டும் ஊற்றுகிறேன். காலியானதும் "இன்னும்" என்று நீட்டுவான், மறுபடி அதே அளவு. சிந்தினாலும் ஒரு மடக்குதான் போகும். ஆரம்பத்தில் சட்டைக்கு மேல் ஒரு துண்டைக் கட்டிவிட்டேன். பிள்ளை கீழுதட்டை விளிம்புக்கு அடியில் கொண்டுபோய், மேலுதட்டைப் பாலில் லேசாக நனைத்து, எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு வரும் என்று தானே கண்டுபிடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். சப்புகிற வாய் அப்போதுதான் குடிக்கிற வாயாக மாறுகிறது.

குறையும் உண்டு. எவர்சில்வர் சட்டென்று சூடேறிவிடும், பால் கொஞ்சம் சூடாக இருந்தாலும் பிள்ளை கையை இழுத்துக்கொள்ளும். வெதுவெதுப்பாக ஆற்றித்தான் ஊற்ற வேண்டும். கோபத்தில் எறிந்தால் தெருவுக்கே சத்தம் கேட்கும். எங்கள் டம்ளரில் ஏற்கெனவே ஒரு நசுங்கல் விழுந்தாயிற்று. பயணத்துக்கு லாயக்கில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அஞ்சுக்கு நாலரை.

டம்ளரை வாங்கிவிட்டால் மட்டும் பாட்டில் மறந்துபோகாது. நேரத்தையும் மாற்ற வேண்டும். இட்லியோ ரசம் சோறோ சாப்பிட்டு முடித்ததும், அடுப்படி வாசற்படியில் உட்கார வைத்துப் பாலைக் கொடுத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு பல் தேய்ப்பு, பிரஷில் ஃப்ளோரைடு பேஸ்ட் ஒரு அரிசி அளவு. பல் தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் கிடையாது. படுக்கையில் கதை, முதுகில் தட்டு, கையில் பிடித்துக்கொள்ள என் முந்தானை. ஆரம்ப நாட்களில் அழுதான், நல்ல சத்தமாகத்தான் அழுதான். பக்கத்து வீட்டில் லைட் போட்டார்கள். தூக்கிவைத்துக்கொண்டேன், தட்டினேன், பாட்டிலை மட்டும் எடுக்கவில்லை. நடு ராத்திரிப் பாட்டிலை மட்டும் வேறு விதமாகக் குறைத்தேன். பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீர். டாக்டர்கள் சொல்லும் வழிதான். பல்லுக்கு இது நல்லது, உடனே பலன். ஆனால் பழக்கத்துக்கு அவ்வளவாகப் பிரயோஜனம் இல்லை. எங்கள் ஆள் வெறும் தண்ணீரையும் அதே பாட்டிலில் ருசித்துச் சப்பினான். அதையும் டம்ளருக்கு மாற்றிய பிறகுதான் எழுந்து கேட்பது நின்றது. தண்ணீருக்காக எழுந்து உட்கார அவனுக்குச் சோம்பல்.

ராத்திரிப் பால் குறைந்ததில் நான் எதிர்பார்த்தது ஒன்று நடந்தது, காலையில் பசிக்கிறது. நாள் முழுக்கப் பாலாலேயே வயிற்றை நிரப்பும் பிள்ளைகளை அங்கன்வாடியில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கன்னம் உப்பி, பார்க்கப் பூசினாற்போல் இருப்பார்கள், கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளிறியிருக்கும். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, மற்ற சாப்பாட்டில் இருப்பதையும் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ள விடாது. வாரம் இரண்டு முறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் நாங்கள் கொடுப்போம், தாய் மறுபுறம் பாட்டில் பாட்டிலாகப் பாலை ஊற்றிக்கொண்டிருப்பாள். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். இப்போது சாயங்காலம் சத்துமாவு உருண்டை இரண்டு உள்ளே போகிறது, முருங்கைக்கீரை போட்ட அடையைக்கூடப் பிய்த்துத் தின்கிறான்.

ஒரு வயதில் ஆரம்பித்து ஒன்றரை வயதுக்குள் பாட்டிலை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் டாக்டர்கள் சொல்லும் கணக்கு. அந்த வயதில் ஆரம்பிக்கிறவர்கள் இதைவிடச் சின்ன டம்ளராக வாங்குங்கள், 50 மில்லி போதும். ஜுரமோ இடமாற்றமோ இருக்கும் வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் மாமியார், மாமனார், வேலைக்கு வரும் பெண் என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். ஒருவர் ரகசியமாகப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். ஓசூருக்கு அனுப்ப இன்னொரு டம்ளர் வாங்க வேண்டும், அதே கடையில், அதே அளவில். மகளிடம் பாட்டிலையும் ரப்பரையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அலமாரியை விட்டே அப்புறப்படுத்தச் சொல்லியிருக்கிறேன். செய்தாளா என்று வீடியோ காலில் பார்ப்பேன்.