நர்ஸ் பிராக்டிஷனரா, எம்.எஸ்சி. நர்சிங்கா? மதுரையில் இருந்து யோசித்தால்

ஐ.சி.யூ.வில் சில வருஷம் ஓட்டிய எந்த பி.எஸ்சி. நர்ஸுக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: இப்படியே இருப்பதா, மேலே படிப்பதா? எனக்கும் வந்தது. நான் எம்.எஸ்சி.யில் சேர்ந்துவிட்டேன். மெடிக்கல் சர்ஜிக்கல், அதில் கிரிட்டிக்கல் கேர் பிரிவு. விட்டு வந்த வழி, 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர்', அதாவது ஐ.சி.யூ.வில் சில சிகிச்சை முடிவுகளை நர்ஸே எடுக்கப் பயிற்சி தரும் படிப்பு. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று ஒளிக்க ஒன்றுமில்லை.

முதலில் ஐ.சி.யூ. வேலையின் அலுப்பைச் சொல்லிவிடுகிறேன். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு நர்ஸ் என்பது நெறி. நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் நைட் டியூட்டிக்கு இரண்டு வென்டிலேட்டர், கூடவே ஆபரேஷன் முடிந்து வந்த ஒருவர். அதுகூடப் பழகிவிடும். பழகாதது வேறு. விடியற்காலை செப்சிஸ் (தொற்று உடம்பு முழுக்கப் பாதித்த நிலை) நோயாளிக்கு பிரஷர் இறங்குகிறது. மானிட்டரில் மேப், அதாவது சராசரி ரத்த அழுத்தம், 65-க்குக் கீழே. பிரஷரை ஏற்றும் நோர்அட்ரினலின் மருந்து பம்ப் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எவ்வளவு ஏற்ற வேண்டும் என்றும் தெரியும். ஆனாலும் டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டு, அவர் எடுத்து, "ஏத்துங்க சிஸ்டர்" என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். ரவுண்ட்ஸில் "ஏன் லேட்டு?" என்ற கேள்வி மட்டும் நமக்கு வரும்.

இந்த வலிக்கென்றே செய்தது போல இருப்பது நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு. 2016-17 வாக்கில் இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்தது. இரண்டு வருஷ ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையிலேயே வேலை பார்த்தபடி படிப்பது. பாடத்திட்டத்தில் சுமார் 20 சதவீதம்தான் வகுப்பறை, மீதி 80 சதவீதம் படுக்கையருகே. ஏ.பி.ஜி. (ரத்தத்தில் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அளவு காட்டும் பரிசோதனை) படித்து வென்டிலேட்டர் அளவை மாற்றுவது, மருத்துவமனை எழுதிவைத்த வழிமுறைப்படி மருந்தை ஏற்றி இறக்குவது எல்லாம் முறையான பயிற்சியாகவே வரும். கை வேலை என்று பார்த்தால் எம்.எஸ்சி. இதற்குப் பக்கத்தில் வராது. எங்களுக்குத் தீசிஸ், செமினார், பயிற்சி வகுப்பு எடுப்பது என்றே பாதி நேரம் போகிறது.

காலம், தகுதி இரண்டிலும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டுக்கும் இரண்டு வருஷம், பி.எஸ்சி. முடித்து ஒரு வருஷ அனுபவம் வேண்டும். வெளிநாடுதான் குறி என்றால் இரண்டையும் விடுங்கள். நம் ஊர் நர்ஸ் பிராக்டிஷனர் சான்றிதழைக் காட்டி அமெரிக்காவில் அதே பெயரில் வேலை பார்க்க முடியாது. முதலில் என்க்ளெக்ஸ் என்ற அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வு, அப்புறம் அங்கேயே மேல்படிப்பு. எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசு ஸ்டாஃப் நர்ஸ் ஆக நினைப்பவருக்கும் இவை தேவையில்லை, நர்சிங் டிப்ளமோவே போதும்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே விஷயம்: படித்து முடித்து ஊர் திரும்பினால் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயரில் ஒரு போஸ்ட் இருக்கிறதா?

என் வீடு திருமங்கலத்தில். கணவர் கடையும் பிள்ளைகள் பள்ளியும் அங்கேதான். சென்னைக்கோ வேலூருக்கோ குடிபெயரும் நிலை இல்லை. அதனால் மதுரை வட்டாரத்துக்குள் கணக்குப் போட்டேன். எனக்குத் தெரிந்த ஐ.சி.யூ.க்களில் விசாரித்தபோது கிடைத்த பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான்: "வாங்க, ஸ்டாஃப் நர்ஸாச் சேர்த்துக்குறோம், கொஞ்சம் சேர்த்துத் தர்றோம்." அதாவது படிப்பு ஏறும், அதிகாரம் ஏறாது. மருத்துவமனை நிர்வாகம் வழிமுறையை எழுதி, டாக்டர்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் அந்த பம்ப்பில் நம் கை வைக்க முடியும். இல்லையென்றால் இரண்டு வருஷம் கழித்தும் அதே போன், அதே காத்திருப்பு. நர்சிங் கவுன்சிலின் 1947 சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசிய நர்சிங், மிட்வைஃபரி ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. அதன் வழியாக இந்த நிலை மாறினால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நான்தான்.

எம்.எஸ்சி.க்கு அந்தப் பயம் இல்லை. பி.எஸ்சி. நர்சிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் முதல் முதல்வர் வரை எம்.எஸ்சி. கட்டாயம், அந்த நாற்காலியைக் கவுன்சில் விதியே போட்டு வைத்திருக்கிறது. பெரியாஸ்பத்திரியை ஒட்டிய அரசுக் கல்லூரி, பசுமலை, அப்படியே திண்டுக்கல், தேனி, விருதுநகர் என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஒரு நர்சிங் கல்லூரி வரும். ஒன்றில் ஒத்துவரவில்லை என்றால் இன்னொன்று. கற்பித்தல் வேண்டாம் என்றால், என்.ஏ.பி.எச். என்ற மருத்துவமனைத் தர அங்கீகாரம் உள்ள மருத்துவமனைகளில் தொற்றுக் கட்டுப்பாடு, ஸ்டாஃப் பயிற்சி, தரப் பிரிவு இருக்கின்றன. தனியார் கல்லூரிச் சம்பளம் ஆஹா ஓஹோ என்று இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மேலே ஏறும் படி கண்ணுக்குத் தெரிகிறது. நைட் டியூட்டியும் இல்லை.

பிரசவப் பிரிவுக்கென 18 மாத மிட்வைஃபரி பிராக்டிஷனர் பயிற்சியும் இருக்கிறது. லேபர் வார்டில் நான் வேலை பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றி அழுத்திப் பேச மாட்டேன். எம்.எஸ்சி. முடித்தபின் வேலை தேடும் கட்டத்துக்கும் நான் இன்னும் வரவில்லை. மேலே சொன்னது சீனியர் அக்காக்களைப் பார்த்து வந்த கணக்கு.

இன்சார்ஜோடு ஒத்துவரவில்லை, ரோஸ்டர் சரியில்லை என்பதுதான் பிரச்சினை என்றால் முதலில் மருத்துவமனையை மாற்றிப் பாருங்கள். சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்திருந்தால் அதை இப்போதே கேட்க ஆரம்பியுங்கள். அட்மிஷன் நேரத்தில் கையில் இல்லாமல் தவிக்கிறவர்கள் நிறைய.

படுக்கையருகேதான் என் உயிர் என்கிறவர்கள் நர்ஸ் பிராக்டிஷனருக்கே போகலாம். போகுமுன், திரும்பி வந்து சேர நினைக்கும் மருத்துவமனையில் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: என்ன பதவிப் பெயர், என்ன சம்பளம், டாக்டரைக் கூப்பிடாமல் எதையெல்லாம் செய்யலாம். லெட்டர்ஹெட்டில் தந்தால் தைரியமாக அப்ளிகேஷன் போடுங்கள்.