டெஃப் லெப்பர்ட்: பைரோமேனியாவா, ஹிஸ்டீரியாவா?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவான ராக் இசைக்குழு டெஃப் லெப்பர்டின் இந்த இரண்டு ஆல்பங்களுக்கும் தயாரிப்பாளர் மட் லாங்கேதான். ஆனாலும் இரண்டும் வேறு வேறு ரகம்.

1983-இல் வந்த பைரோமேனியாவில் கிட்டார்தான் ராஜா. 'ஃபூலின்' பாட்டு அக்கூஸ்டிக் கிட்டாரில் மெல்ல ஆரம்பித்து, கோரஸில் வெடிக்கும். அந்த இடத்தில் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கும்.

1987-இன் ஹிஸ்டீரியா, குரல் மேல் குரலாக அடுக்கி இழைத்த பளபளப்பான இசை. 'லவ் பைட்ஸ்' அமெரிக்காவில் முதலிடமே பிடித்தது. நடுவே, 1984-இன் கடைசி நாளில் நடந்த கார் விபத்தில் டிரம்மர் ரிக் ஆலன் இடது கையை இழந்தார். அந்தக் கையின் வேலையை இடது காலுக்குப் பழக்கி, பெடல் வைத்த எலக்ட்ரானிக் டிரம்ஸோடு மேடைக்குத் திரும்பினார். அதற்காகவே ஹிஸ்டீரியாவைத் தலையில் வைத்துக் கொண்டாடலாம்.

ஆனால் சத்தமாக வைத்துக் கேட்பதென்றால், என் ஓட்டு பைரோமேனியாவுக்குத்தான்.