ஜெய்ப்பூர் ரஜாய்: ஐந்து குளிர்காலம் போர்த்திப் பார்த்த பிறகு

2019 டிசம்பரில் ஜெய்ப்பூர் பழைய நகரத்துக் கடை ஒன்றில் இரண்டு ரஜாய்கள், அதாவது பஞ்சு நிரப்பித் தைத்த குளிர்காலப் போர்வைகள், வாங்கினோம். இரண்டிலும் உள்ளே இருப்பது பருத்திப் பஞ்சுதான். ஒன்றின் உறை மல்மல் என்னும் மெல்லிய பருத்தித் துணி. மற்றொன்றின் உறை அதைவிட நெருக்கமாக நெய்த கேம்பிரிக், விலையும் முன்னூறு ரூபாய் கூடுதல். பஞ்சை எத்தனை முறை அடித்துத் தூசி நீக்கினார்கள் என்பதைக் கடைக்காரர் நெடுநேரம் விளக்கினாரே தவிர, உறையைப் பற்றியோ தையலைப் பற்றியோ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தில்லிக் குளிரில் ஐந்து ஆண்டுகள் போர்த்தியதில், ரஜாயின் ஆயுளை முடிவு செய்பவை அந்த இரண்டும்தான் என்று தெரிந்தது.

மல்மல் ரஜாய் கைக்கு மிக மென்மையானது. முதல் ஆண்டு வீட்டில் அதற்குத்தான் போட்டி. ஆனால் முகவாய் உரசும் மேல் விளிம்பு இரண்டாம் குளிர்காலத்திலேயே நைந்து, மூன்றாவதில் விரல் நீளத்துக்குக் கிழிந்தது. இழைகளுக்கு இடையே சந்து அதிகம் என்பதால் பஞ்சும் மெல்ல வெளியேறி, கருநீலப் படுக்கை விரிப்பில் தினமும் வெள்ளைத் துகள்களாக ஒட்டிக்கொண்டிருக்கும். கேம்பிரிக் உறையில் இந்தத் தொல்லை இல்லை.

தையலில் வேறுபாடு இன்னும் பெரிது. பருத்திப் பஞ்சு தானாக ஒன்றோடொன்று பிடித்து நிற்காது. தையல் வரிகளே அதை இடத்தில் நிறுத்துகின்றன. கேம்பிரிக்கில் வரிகள் மூன்று விரல் இடைவெளியில் ஓடுகின்றன; மல்மலில் ஒரு சாண். துவைத்ததும் மல்மலின் பஞ்சு ஓரங்களுக்கு ஒதுங்கி, நடுவில் வெறும் துணி மிஞ்சியது. தவறில் பாதி என்னுடையது: நனைந்து கனத்த ரஜாயை ஒரே கொடியில் தொங்கவிட்டேன். இரண்டு கொடிகளில் பரப்பிக் காயவைத்திருந்தால் நூல் அறுந்திருக்காது.

பாலியஸ்டர் நிரப்பியது சீக்கிரம் உலரும், துவைக்கவும் எளிது. ஆனால் தட்டையாகிவிட்டால் பருத்தியைப் போல மறுபடி அடித்துப் புசுபுசுவென்று ஆக்க முடியாது. நம் ஊர் மெத்தைக்குப் பழகிய இலவம்பஞ்சை ரஜாய்க்கு நினைக்கவே வேண்டாம், அதன் இழை எளிதில் ஒடிந்து பொடியாகும்.

பேத்தி காலம் வரை வைத்திருக்கும் எண்ணம் இருந்தால், ஜெய்ப்பூருக்கு அருகே பக்ரு என்ற ஊரில் மர அச்சால் பதிக்கும் துணிகளில் கறுப்பு மிகுந்தவற்றையும் தவிர்க்கலாம். இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு ஊறவைத்து எடுக்கும் அந்தக் கறுப்பு பார்க்க அழகுதான். ஆனால் இரும்பு ஏறிய இடத்தில் பருத்தி நாளடைவில் இற்றுப்போகும்.

இன்று வாங்குவதானால் கேம்பிரிக் உறையும் நெருக்கமான கைத்தையலும் உள்ளதைத்தான் எடுப்பேன். மல்மல் ரஜாயின் விளிம்புக்குத் தையல்காரர் ஒருவர் பட்டைத் துணி வைத்துத் தந்தார். இப்போது அது மார்ச் மாத இரவுகளுக்கு மட்டும் வெளியே வருகிறது.