ஓணம் விடுமுறையில் வாளையார் சாலை: வேகக் கண்காணிப்பு எப்படி இருக்கிறது?

கோவையிலிருந்து வாளையார் வழியாகப் பாலக்காடு செல்லும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் விடுமுறை நாள்களில் நடக்கும் போக்குவரத்துக் கண்காணிப்பைப் பற்றி, எல்லைக்கு இருபுறமும் உறவினர்களைக் கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களின் பதிவைக் கொண்டு அபராதம் விதிக்கிறார்கள். வழியில் நிறுத்திப் பேரம் பேச இதில் இடமில்லை என்பது பெரிய நிறை. சீட் பெல்ட், ஹெல்மெட் விஷயத்தில் பலன் கண்கூடாகத் தெரிகிறது; வாளையாரைத் தாண்டியதும் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட கார்களில்கூடப் பெல்ட்டை இழுத்து மாட்டுகிறார்கள்.

வேகத்தில்தான் குறை. நான்கு வழித் தேசிய நெடுஞ்சாலையில் கார்களுக்கு மணிக்கு 100 கிலோமீட்டர், இருசக்கர வாகனங்களுக்கு 60 என்று வரம்பு இருந்தும், கேமராக் கம்பம் கண்ணில் பட்டதும் பிரேக் விளக்குகள் வரிசையாகச் சிவக்கின்றன. கம்பத்தைக் கடந்த மறுகணமே ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார்கள். கஞ்சிக்கோட்டில் சாலையைக் கடக்க நின்ற மூதாட்டி ஒருவர், பைக்குகளின் சீற்றத்தில், காலை முன்வைப்பதும் பின்வாங்குவதுமாகத் தவித்ததைக் கண்டு மனம் பதைத்தது.

இரண்டு கேமராக்களுக்கு இடையே வண்டி எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணக்கிட்டு அபராதம் விதிப்பதும், திருவிழா இரவுகளில் ரோந்து வண்டிகளை நிறுத்துவதும் இச்சாலைக்கு உடனடித் தேவை.